பின்னால் வந்த கார்

தமிழ்தானே தம்பி நீங்க? போன்ல "டேய், நான் வந்து அரை மணி நேரம் ஆச்சு, எங்கடா இருக்கீங்க"ன்னு கேட்டீங்களே, அதுலயே தெரிஞ்சு போச்சு. இந்த ஊர்ல, இந்த ஆடு மேயுற மேட்டுல, 'டா'ன்னு ஒரு சத்தம் கேட்டா காது தானா திரும்புது. உக்காருங்க. ஃப்ரெண்ட்ஸ் வர்ற வரைக்கும் உக்காருங்க. சைக்கிளை அந்தச் சுவர்ல சாத்திருங்க, யாரும் தொட மாட்டாங்க.

இது முன்னாடி ரயில்வே ஸ்டேஷன், தெரியுமா? டிஸ்ஸிங்டன் ஸ்டேஷன். தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிள் விடுறாங்க. எனக்கு ரயிலு தெரியும். டெர்பியில முப்பத்தோரு வருஷம் சிக்னல் டிசைன்ல இருந்தேன். முன்னால போற வண்டிக்கும் பின்னால வர்ற வண்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விடணும்னு கணக்குப் போடுறதுதான் வேலை. போன மார்ச்சுல ரிட்டயர் ஆயிட்டேன். பேரு செண்பகராமன். கோவில்பட்டி.

நானா? இல்ல தம்பி, நான் சைக்கிள்ல வரல. அந்தா நிக்குதே சாம்பல் கலர் கார், அதுல வந்தேன். சைக்கிள் என் வீட்டுக்காரி. அங்கயற்கண்ணி. நான் கயலுன்னு கூப்பிடுவேன். ஒரு மணி நேரம் இருக்கும், இந்த வழியாத்தான் போனா. நீங்க பாத்திருக்க முடியாது.

மதுரைக்காரி. ஐம்பத்தி நாலு வயசு. பிப்ரவரி மாசம் டாக்டரு ரத்தத்தைப் பாத்துட்டு, சுகர் வர்ற மாதிரி இருக்கு, உடம்பை அசைங்கன்னுட்டார். நான் நடக்கலாம்னேன். தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் பார்க்கைச் சுத்தி வரலாம்னு அட்டவணையே போட்டேன். அவ சரின்னா. எதுக்குமே சரின்னுதான் சொல்லுவா. அப்புறம் பாத்தா, லைப்ரரியில ஒரு நோட்டீஸ் பாத்தேன்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இலவசமா சைக்கிள் கத்துக் குடுக்கிறாங்களாம். ஆறு சனிக்கிழமை.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஐம்பத்தி நாலு வயசுல! ஆனா தடுக்கல. அதைக் குறிச்சுக்கோங்க தம்பி, நான் தடுக்கவே இல்ல. அவளுக்கு மொத சைக்கிள் வாங்கிக் குடுத்தது யாரு? நான். ஹெல்மெட்டு, மஞ்சக் கோட்டு, முன்னால ஒரு லைட்டு, பின்னால ரெண்டு லைட்டு. ஹேண்டில்பார்ல ஒரு கண்ணாடி, பின்னால வர்ற வண்டி தெரியணுமில்ல. போன்ல லொகேஷன் போட்டுக் குடுத்தேன். அவ எங்க இருந்தாலும் என் போன்ல நீலப் புள்ளியா தெரியும்.

கத்துக் குடுத்தது டோரீன்னு ஒரு அம்மா. அறுபத்தொன்பது வயசு, போஸ்ட்வுமனா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முப்பது வருஷம் இந்த மேட்டுலயும் பள்ளத்துலயும் சைக்கிள்ல தபால் குடுத்திருக்காங்க. காலைப் பாத்தீங்கன்னா கர்லாக்கட்டை. வகுப்பு முடிஞ்ச பெறகு அஞ்சாறு பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு சனிக்கிழமை சனிக்கிழமை கிளம்பிருவாங்க. காலையில போய்ச் சாயங்காலம் திரும்புறது. வீட்லருந்து கட்டிக்கிட்டுப் போன ரொட்டி, எங்கயாவது டீ, வழியில ஒரு பழைய சர்ச்சு. அவ்வளவுதான்.

மொத நாள் எட்டு மைல் போயிட்டு வந்தா. மூஞ்சி செக்கச்செவேல்னு இருந்துச்சு. நாலு சப்பாத்தி சாப்பிட்டா. "எங்க போனீங்க, என்ன பேசுனீங்க?"ன்னு கேட்டேன். "சும்மா போனோம்"னா. அடுத்த வாரமும் "சும்மா." அதுக்கடுத்த வாரமும் "சும்மா." இருபத்தொன்பது வருஷம் தம்பி, கடைக்குப் போயிட்டு வந்தாக்கூட யாரைப் பாத்தா, யாரு என்ன புடவை கட்டியிருந்தாங்கன்னு சொல்றவ. இப்ப நாள் பூரா போயிட்டு வந்து சும்மாங்கிறா.

அதுக்காக நான் பின்னால போகல. தப்பா நெனச்சுக்காதீங்க. ரோடு உங்களுக்கே தெரியும். ரெண்டு பக்கமும் சாந்து இல்லாம அடுக்குன கல்லுச் சுவர், நடுவுல ஒரு கார் போற அகலம், மேட்டுல ஏறி இறங்குனா எதிர்ல டிராக்டர் நிக்கும். ரிட்டயர் ஆனவன், வீட்ல சும்மா உக்காந்திருக்கேன். ஜூன் மாசம் கார்ல கிளம்பிட்டேன். தயிர்சாதம், ஊறுகா, பிளாஸ்க்ல காப்பி, ஸ்பேர் டியூப்பு, முதலுதவிப் பெட்டி. அவங்க நிக்கிற இடத்துக்கு முன்னாலயே போய் டிக்கியத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பேன். மொத வாரம் எல்லாரும் கை தட்டுனாங்க. ரெண்டாவது வாரம் தயிர்சாதம் நல்லாருக்குன்னாங்க. மூணாவது வாரம் டோரீன் தனியா வந்து, "ஷென், இன்னைக்கு மழை இல்லை, யாருக்கும் பஞ்சர் இல்லை, நீங்க வீட்டுக்குப் போய் தோட்டத்தைப் பாருங்களேன்"னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சேன். போகல.

ஜூலையில ஒரு நாள் கயலே சொன்னா. அடுப்புல எண்ணெய் காயுது, அப்பளம் பொரிக்கப் போறா, திரும்பாமலே சொன்னா. "இந்த வாரம் நீங்க வராதீங்க."

"ஏன்? நான் என்ன தொந்தரவு பண்ணேன்?"

"தொந்தரவெல்லாம் இல்லீங்க. நீங்க பாக்காதப்ப நான் எப்பிடி இருக்கேன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

எனக்கு அது புரியல. இப்பவும் புரியல. "அதுக்கென்ன, தூரமா நின்னு நான் பாத்துச் சொல்றேனே"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன் தம்பி, கிண்டலுக்கு இல்ல. அவ அடுப்பை அணைச்சா. திரும்பி என்னைப் பாத்தா. சிரிக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் அப்பளம் பொரிக்காமலே மாடிக்குப் போயிட்டா.

சரின்னு அந்த வாரம் போகல. வீட்ல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீலப் புள்ளி போகுது, போகுது, ஒரு இடத்துல நின்னுச்சு. கடை இல்ல, சர்ச்சு இல்ல, ஒண்ணுமே இல்லாத இடம். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். போன் பண்ணா எடுக்கல. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? நாப்பது நிமிஷத்துல போய்ச் சேந்தேன். காரை மேட்டுல நிறுத்திட்டு வேலியோரமா எட்டிப் பாத்தேன்.

ஒரு ஓடை. எல்லாரும் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள நிக்கிறாங்க. என் பொண்டாட்டி நடுவுல நின்னுக்கிட்டு ஏதோ கதை சொல்றா. இங்கிலீஷ்ல! கடையில சில்லறை கேக்கவே என்னைப் பாக்கிறவ, கையையும் காலையும் ஆட்டி ஆட்டிச் சொல்றா. யாரையோ மாதிரி நடிச்சுக் காட்டுறா. கழுத்தை நீட்டிக்கிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, இப்படியும் அப்படியும் பாக்குற மாதிரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. யாரை நடிச்சாளோ தெரியல. எனக்குக் கேக்கல, அவ்வளவு தூரம்.

நான் கூப்பிடல. அப்படியே திரும்பி வந்துட்டேன். சாயங்காலம் கேட்டேன், "வழியில எங்கயாவது நின்னீங்களா?" "இல்லியே"ன்னா. பாத்தீங்களா? பொய். இருபத்தொன்பது வருஷத்துல மொதப் பொய். நான் பாத்தேன்னு எப்பிடிச் சொல்றது? சொல்ல முடியாது. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். அதான் அறுத்துச்சு.

அதுக்கப்புறம் தெரியாமத்தான் போவேன். ரொம்பப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத தூரத்துல.

ஆகஸ்ட் ஒம்பதாம் தேதி. இங்கிருந்து நாலஞ்சு மைல், அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரோடு. மத்தவங்க முன்னால போயிட்டாங்க, கயலு கடைசியா மேடேறிக்கிட்டு இருந்தா. நான் பின்னால வந்தேன். நல்ல தூரம் விட்டுத்தான் வந்தேன், ஒரு அம்பதடி இருக்கும். கண்ணாடியில காரைப் பாத்திருக்கா. நம்பரைப் பாத்ததும் திரும்பியிருக்கா. திரும்புன வேகத்துல முன் சக்கரம் ரோட்டை விட்டுப் புல்லுல இறங்கி, சுவர்ல மோதி, அப்பிடியே சாஞ்சுட்டா. கார் படல தம்பி. எழுதிக் குடுக்கணும்னாலும் குடுப்பேன். கார் அவ மேல படவே இல்ல.

தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற எலும்பு ஒடிஞ்சிருச்சு. நான் அங்க இல்லாட்டி யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா? அதைச் சொல்லுங்க. போனுக்கு டவர் இல்லாத இடம். டோரீன் வந்து என்னைப் பாத்தாங்க, காரைப் பாத்தாங்க, ரோட்டைப் பாத்தாங்க. "எவ்வளவு பக்கத்துல வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. "இருபதடி"ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. போலீஸ்காரப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டுச்சு. கயலே சொல்லிட்டா: "யார் மேலயும் தப்பு இல்லை, நானேதான் விழுந்தேன்."

நானேதான் விழுந்தேன். அவ வாயாலதான் சொன்னா.

அதுக்கப்புறம் ஆறு வாரம் கையைத் துணியில கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு வீட்லதான். அந்த ஆறு வாரம் நல்லாருந்துச்சு தம்பி. சொல்லக் கூடாதுதான், ஆனா நல்லாருந்துச்சு. நான் சமைச்சேன். ஊட்டி விட்டேன். தலை சீவி விட்டேன், பின்னல் போட யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டேன். மணி தவறாம மாத்திரை. எங்க மக எழிலு, பிரிஸ்டல்ல பல் டாக்டரா இருக்கா, தினம் போன் பண்ணி, "அப்பா, நீங்க இவ்வளவு செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது"ன்னா. கோயில்லருந்து ஆளுங்க பாக்க வந்தாங்க. எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன், இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், ஓட்டத் தெரியாம விழுந்துட்டான்னு. அவ பக்கத்துலயே சோபாவுல உக்காந்திருப்பா. மாத்திரை கொண்டு போனா மாத்திரையைப் பாக்க மாட்டா, என் மூஞ்சியையே பாப்பா. வலியில அப்பிடிப் பாக்கிறான்னு நெனச்சேன்.

சைக்கிளை, தர்மத்துக்குப் பழைய சாமான் விக்கிற சேரிட்டி ஷாப்ல குடுத்துட்டேன். ஆமா, அவகிட்ட கேக்கல. பிரேக் வளைஞ்சு கெடந்துச்சு, ஷெட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டு, பாக்கும் போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வருது. எனக்குத்தான். கட்டு அவுத்த மறுநாள் ஷெட்டைத் திறந்து பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. கதவைச் சாத்தித் தாப்பா போட்டுட்டு வந்து, "டீ போடவா?"ன்னு கேட்டா. நாலாம் நாள் டோரீன் வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு. ஒரு பெட்டி, ஒரு பை. "கொஞ்ச நாள் டோரீன் வீட்ல இருந்துட்டு வரேன்"னா. விருந்துக்குப் போற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டா. போன்ல அந்த நீலப் புள்ளியும் போயிருச்சு.

ரெண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் அந்த வீட்டுக்குப் போனேன். வர்க்ஸ்வொர்த்துல மேட்டுத் தெரு, வாசல்லயே படிக்கட்டு. கதவைத் திறந்தது கயலுதான். யாரோட ஸ்வெட்டரோ போட்டிருந்தா. உள்ள வாங்கன்னு சொல்லல.

"நான் என்ன தப்பு பண்ணேன் கயலு?"ன்னேன். "அதையாவது சொல்லிரு."

"எழிலுகிட்ட என்ன சொன்னீங்க?"

"எதைப் பத்தி?"

"நான் எப்பிடி விழுந்தேன்னு."

"கண்ணாடியைப் பாத்துத் திரும்புன, விழுந்துட்ட…"

"ஓட்டத் தெரியாம விழுந்துட்டான்னு சொன்னீங்க. கோயில்லருந்து வந்தவங்ககிட்டயும் அதையே சொன்னீங்க. கோவில்பட்டிக்குப் போன் போட்டு உங்க அண்ணன்கிட்டயும் சொன்னீங்க." அவ சத்தமே உயரல தம்பி. "என்னங்க, நீங்க ஹாரன் அடிச்சீங்க."

நான் படியைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"பத்தடி பின்னால வந்து ஹாரன் அடிச்சீங்க. போலீஸ்கிட்ட நான் சொல்லல. நீங்க எங்கிட்டயாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஆறு வாரம். தண்ணி கொண்டு வருவீங்க, மாத்திரை கொண்டு வருவீங்க. இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்க தலை சீவி விட்டீங்க."

அவ்வளவுதான். கதவை மெதுவாத்தான் சாத்துனா.

ஆமா தம்பி. அடிச்சேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? அந்த மேட்டுல அவ மூச்சு வாங்க ஏறிக்கிட்டு இருந்தா, நின்னு மிதிச்சுக்கிட்டு. ஏதோ பாடிக்கிட்டே போனா. ஜன்னல் திறந்திருந்துச்சு, கேட்டுச்சு. வீட்ல பாடி நான் கேட்டதே இல்ல. எனக்கு என்னமோ ஆயிருச்சு. நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான். விழணும்னு இல்ல. சத்தியமா விழணும்னு இல்ல. நம்ம ஊர்ல அடிக்கிறதுல கால்வாசி கூட இல்ல, சும்மா ஒரு தட்டு. அந்த அமைதியான இடத்துல அது எப்பிடிக் கேட்டிருக்கும்னு இப்பத்தான் நெனச்சுப் பாக்குறேன்.

இல்ல தம்பி, காப்பி வேண்டாம். நீங்க குடிங்க.

இன்னைக்குக் காலையில அதைச் சொல்லத்தான் வந்தேன். சனிக்கிழமை இந்த வழியாத்தான் வருவாங்கன்னு தெரியும். பத்தரைக்கு வந்தாங்க. வேற சைக்கிள், பழைய பச்சை சைக்கிள், டோரீனோடதா இருக்கும். ஒடிஞ்ச பக்கம் கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சிருந்தா. மத்தவங்க அந்தக் கடையில டீ வாங்கப் போனாங்க. அவ இந்தா, இந்த இடத்துலதான் நின்னா. என்னைப் பாத்துட்டா, ஆனா ஒதுங்கிப் போகல.

"கயலு, ஹாரன் அடிச்சது நான்தான்"ன்னேன். ரெண்டு வாரமா கண்ணாடி முன்னால நின்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். ரோடு எப்பிடி, வெளிச்சம் எப்பிடின்னு. வாயில வந்தது இவ்வளவுதான்.

"ம்"னா.

"உன்னைக் கேக்காம சைக்கிளைக் குடுத்திருக்கக் கூடாது."

"ஆமா"ன்னா.

"எழிலுகிட்டயும் சொல்லிர்றேன்."

"சொல்லுங்க."

டோரீன் அங்கிருந்து ஏஞ்சி, ஏஞ்சின்னு கூப்பிட்டாங்க. அங்கயற்கண்ணிங்கிற பேரு அவங்க வாயில அப்பிடித்தான் வரும். கயலு ஹெல்மெட் வாரை மாட்டுனா. ஒரு கையால மாட்ட கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் கையை நீட்டுனேன், அவ தானே மாட்டிக்கிட்டா. "வீட்டுக்கு வர்றியா?"ன்னு கேட்டேன்.

"பார்ஸ்லி ஹே வரைக்கும் போய்த் திரும்பணும். இன்னும் இருபது மைல் இருக்கு"ன்னா. மிதிச்சுக்கிட்டுப் போயிட்டா.

இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க. வரேன்னும் சொல்லல, வர மாட்டேன்னும் சொல்லல. இருபது மைல் ஆன பெறகு பாக்கலாம்னு அர்த்தமா? இல்ல, இருபது மைல் போகணும், வழியை விடுங்கன்னு அர்த்தமா? முன்னால எங்கயாவது போய் நின்னுருக்கலாம். ஹார்ட்டிங்டன்ல நிறுத்த இடம் இருக்கு. அவங்க போனதும் சாவியைக் கையில எடுத்தேன். காருக்குள்ளகூட உக்காந்தேன். அப்புறம் இறங்கி இங்க வந்து உக்காந்துக்கிட்டேன். எதுக்குன்னு தெரியல.

எழிலா? இல்ல, இன்னும் பண்ணல. பண்ணணும். பாருங்க, உங்ககிட்ட முழுசாச் சொல்லிட்டேன், உங்க பேரு கூட கேக்கல. பெத்த பொண்ணுக்கு நம்பரை எடுத்து எடுத்து வச்சிர்றேன். அவ என்னை நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அந்த ஆறு வாரத்துலதான் நெனக்க ஆரம்பிச்சா.

அந்தா உங்க ஃப்ரெண்ட்ஸ் வந்துட்டாங்க போலருக்கு. அவங்களைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க தம்பி, ஒரே ஒரு நிமிஷம். நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா பண்ணிருவேன். நில்லுங்க. ரிங் போகுது.

எழிலு? அப்பாதாம்மா. இல்லம்மா, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டேன். அம்மாவா? அம்மா நல்லாருக்கா, இப்பத்தான் பாத்தேன். எழிலு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆகஸ்ட்ல… அந்த ரோடு ரொம்பச் சின்னது பாத்துக்கோ, ஒரு கார்தான் போக முடியும், அம்மா வேற மேட்டுல… இல்ல. இரு. இரும்மா, அதெல்லாம் இல்ல. நான் சொன்னது பொய். அம்மாவுக்கு நல்லா ஓட்டத் தெரியும் எழிலு.